பூப்போட்ட நிப்

“கீறுது. இதுவும் கீறுது!”

கணவர் பேனாவை வெடுக்கென்று மேசைமேல் வைத்தார். ஏற்கெனவே ஏழெட்டுப் பேனாக்கள் மூடி கழன்று அவர் முன்னால் கிடந்தன.

“அழுத்தாம எழுதுங்க சார்,” என்றாள் கடைக்காரம்மா. “நிப்பைப் பாருங்க. கொடி, கொடியில பூ, பூவுக்குப் பக்கத்துல ஒரு குருவி. இந்த விலைக்கு இந்த வேலைப்பாடு வேற எங்கே கிடைக்கும்?”

“குருவி நல்லாத்தான் இருக்கு. எழுதத்தான் மாட்டேங்குது.”

மனைவிக்குப் பொறுக்கவில்லை. அவரை இந்தக் கடைக்கு இழுத்துக்கொண்டு வந்தவளே அவள்தான்.

“என் பேனாவும் இங்க வாங்கினதுதானே? வெண்ணெய் மாதிரி போகுது. உங்களுக்கு மட்டும் எப்படிங்க எல்லாமே கீறும்?”

அந்தக் கேள்விக்குத்தான் அவர் பயந்துகொண்டிருந்தார்.

அவரிடம் ஒரு பேனா உண்டு. அசல் தங்க நிப், அதிலும் இதே கொடி, பூ, குருவி. யாரையும் தொடவிட மாட்டார். அதே மாதிரி பூப்போட்ட நிப் மலிவு விலையில் கிடைக்காதா என்று ஊரெல்லாம் சல்லடை போட்டுச் சலித்து, கடைசியில் இந்தக் கடையில் ஒன்றைப் பிடித்தாள் மனைவி. “முலாம் பூசின தகரம்,” என்று அவர் கேலிகூடச் செய்தார்.

இப்போது சில வாரங்களாக அவருடைய தங்க நிப் காகிதத்தைப் பிராண்டுகிறது. எழுத்து திக்குகிறது, கோணுகிறது. மனைவியிடம் பேனா சரியில்லை என்றுதான் சொல்லியிருந்தார். உள்ளுக்குள் பயம் வேறு. அவருடைய அப்பாவுக்கும் இந்த வயதில் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் எழுத்து கோணியது, அப்புறம் கையில் டம்ளர் நிற்கவில்லை.

அவர் பிழைப்பே வலது கையை நம்பித்தான். கொஞ்ச நாளாகத் தனக்கு வந்த வேலையை எல்லாம் ஏதேதோ சாக்குச் சொல்லிக் கூட இருப்பவரிடம் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை போய், இனிமேல் தன்னால் முடியாது என்று சொல்லிவிடுவதாகவும் முடிவு செய்துவிட்டார்.

“கோளாறு பேனாவுல இல்லம்மா,” என்றார் மனைவியிடம் மெல்ல. “கையில. அப்பாவுக்கு வந்ததுதான் எனக்கும் வந்துடுச்சு.”

மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. “என்னங்க இது, குண்டைத் தூக்கிப் போடறீங்க! இத்தனை நாளும் மனசுக்குள்ளயே வெச்சுக்கிட்டு இருந்தீங்களா?”

“சொன்னா நீயும் சேர்ந்து தூங்க மாட்ட.”

அவள் கைப்பையைக் கவிழ்க்காத குறையாகத் துழாவித் தன் பேனாவை எடுத்து அவர் விரலுக்குள் திணித்தாள். “என் பேனாவால எழுதுங்க. என் கண் முன்னால எழுதுங்க.”

அவர் எழுதினார். தன் பெயரை எழுதினார். மனைவி பெயரை எழுதினார். காகிதத்தில் ஒரு சத்தமில்லை. எழுத்து அச்சுக் கோத்த மாதிரி விழுந்தது. பக்கம் முழுக்க எழுதிவிட்டுக் கையை நீட்டிப் பார்த்தார். அது ஆடாமல் அசையாமல் நின்றது.

போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு. “கைக்கு ஒண்ணும் இல்லைடி!” என்று கடை என்றும் பாராமல் கத்தினார். மனைவி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடைக்காரம்மா மட்டும் அந்தப் பேனாவை வாங்கிப் பூதக்கண்ணாடிக்குக் கீழே பிடித்தாள். “ஏம்மா, இது நான் வித்த நிப்பே இல்லையே. பூவுக்குக் கீழே தங்க முத்திரை இருக்கு. சார், உங்க பேனாவைக் கொஞ்சம் காட்டுங்க.”

காட்டினார். அவள் ஒரு பார்வைதான் பார்த்தாள். “இதுதான் நான் வித்தது. ரெண்டும் ஒரே அளவு, இழுத்தா கையோட வந்துடும். யாரோ கழட்டி மாத்திப் போட்டிருக்காங்க.”

கணவருக்குச் சுர்ரென்று ஏறியது. “என் பேனாவைத் தொடாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?”

“நல்லா இருக்கே நியாயம்!” மனைவி இடுப்பில் கை வைத்தாள். “நான் எங்க தொட்டேன்? போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, ‘உன் பேனாவையும் கொண்டா, உனக்குச் சரியாக் கழுவத் தெரியாது’ன்னு பிடுங்கிட்டுப் போனது யாரு? ரெண்டையும் கழட்டி, கழுவி, துணியில பரப்பி, காய வெச்சு, பூட்டிக் குடுத்தது யாரு?”

கணவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அசடு வழிந்தது. ஆனாலும் அந்த அசட்டுச் சிரிப்பில் பல வாரத்துப் பாரம் இறங்கியிருந்தது. திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்குப் போகலாம். தள்ளிவிட்டதை எல்லாம் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

கடைக்காரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நிப்புகளை இழுத்து அதனதன் பேனாவில் பொருத்திக் கொடுத்தாள்.

“விடுங்க சார். ஒரே மாதிரி ரெண்டு இருந்தா மாறத்தான் செய்யும். கை திடமா இருக்கில்ல, அது போதும். சார் என்ன வேலையா இருக்கீங்க?”

கணவர் அவசரமாகப் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

மனைவிதான் பெருமையாகச் சொன்னாள். “கண் ஆபரேஷன் பண்ற டாக்டரும்மா. கண்ணுக்குள்ள இருக்கிற பழைய லென்ஸை எடுத்துட்டு, ரெண்டு கண்ணுக்கும் தனித்தனியா அளவெடுத்துப் புது லென்ஸ் வைக்கிறவர்.”