வெள்ளிக்கிழமை மாங்காய்

"இதை எழுதினவர் யாருன்னு எனக்குத் தெரியும் சார். நான் மார்க் போட்டா நியாயமா இருக்காது."

ஹெர்மினியா இப்படிச் சொன்னதும், நடுவர் குழுத் தலைவர் ரொகேலியோ காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். மணிலாவில் இளையோர் நாவல் பரிசின் கடைசிச் சுற்று அது. எழுதியவர் பெயர், ஒட்டி மூடிய உறைக்குள் இருக்கும். நடுவர்கள் யார் என்பதும் பரிசு நாள் வரை பரம ரகசியம். வீட்டில்கூட தேவாலயப் பாட்டுக் குழுவுக்குப் போகிறேன் என்று புளுகிவிட்டுத்தான் அவள் வந்திருந்தாள்.

"கதையில ஊர் பேரே இல்லையே மேடம், எப்படித் தெரியும்?"

அறுபத்திரண்டு வயதில் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறதே! நாவலில் ஒரு பையன் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பெண்ணின் மேசைக்குள் பச்சை மாங்காயும் தொட்டுக்கொள்ள இறால் விழுதுப் பொட்டலமும் வைத்துவிட்டு ஓடுகிறான். அந்தப் பெண் அவள்தான். இலோய்லோ ஊர்ப் பள்ளியில் நடந்தது, ஈ காக்கைக்குக்கூட அவள் சொன்னதில்லை. வைத்தவன் பேண்டு வாத்தியத்தில் டிரம் அடித்த ரெனாத்தோ. வகுப்பில் வேறு யாருக்கு அந்தத் துணிச்சல்? படிப்பு முடிந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் அமெரிக்கா போய்விட்டான். நாவலைப் படித்த மூன்று நாளும் அவள் அழுதிருந்தாள்.

ரொகேலியோ விதியைச் சொன்னார். அவள் ஒரு பெயரை எழுதித் தரவேண்டும். உறையிலும் அதே பெயர் இருந்தால் நாவல் போட்டியிலிருந்தே நீக்கப்படும். இல்லையென்றால் பரிசு இதற்குத்தான், மற்ற இரு நடுவர்களும் இதையே தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு ரெனாத்தோவின் பெயரை எழுதிக் கொடுத்தாள்.

உறையைக் கிழித்துப் பார்த்த ரொகேலியோ சிரித்துவிட்டார்.

"நல்லவேளை, நீங்க நினைச்ச ஆள் இல்ல. யாரோ அனிசெத்தோ டுமாலாகன்னு போட்டிருக்கு. தெரியுமா உங்களுக்கு?"

ஹெர்மினியா உறையிலிருந்த சீட்டை வாங்கி அந்தப் பெயரைத் தானே இன்னொரு தடவை படித்தாள். அதே வகுப்பின் கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவன். அப்புறம் அவளைக் கல்யாணம் செய்துகொண்டு, முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியும், மாங்காய் வைத்தது தான்தான் என்று மூச்சுவிடாத அவள் புருஷன்.