மூன்று நொடி

முக்கியமான வாக்கியத்துக்கு முன் தலைவர்கள் மூன்று நொடி நிறுத்த வேண்டும் என்று பேச்சுப் பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்ததிலிருந்து பொது மேலாளர் ஞானவடிவேலுவுக்கு ஏறுமுகம்தான். அவர் நிறுத்தினால் இருநூறு ஊழியர்களும் கொட்டாவியைக்கூட விழுங்கிக்கொண்டு காத்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கனடாவிலிருந்து அழைத்தாள். ‘ஒரு தடவ வந்துட்டுப் போம்மா’ என்று கேட்டுவிட ஒரு வாரமாக ஒத்திகை பார்த்திருந்தார். காதில் போனோடு நிலைக்கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று, மறுகையின் உள்ளங்கையை விரித்து, “உங்கம்மா போனதுக்கப்புறம் இந்த வீட்ல ஒரு சத்தமும் இல்லம்மா. அதனால...” என்று நிறுத்தினார். ஒன்று, இரண்டு...

“அப்பா? ஹலோ? சிக்னல் போயிருச்சு போல. அடுத்த வாரம் கூப்பிடறேன்ப்பா.”

கண்ணாடியில் இருந்தவர் மட்டும் கையை விரித்தபடி, அடுத்த வாக்கியத்துக்காக மரியாதையாகக் காத்திருந்தார்.