ஆம்பளைச் செருப்பு

அதிராம்பட்டினத்துக் காலை வெயில் ஜன்னல் வழியே தையல் மிஷினின் பலகைமேல் விழுகிறது. ஊசி கோக்க இந்த வெளிச்சம் வேண்டும் என்றுதான் ஜஸீலா மிஷினைக் கூடத்து மூலைக்கு இழுத்துப் போட்டிருக்கிறாள். பாபினுக்கு பிஸ்கட் டப்பா, வெட்டிய துணி மாட்டச் சுவரில் ஆணிகள், அளவெடுக்க மறைவாக ஒரு திரை. திரையை நேற்று ஸ்டூல்மேல் ஏறிக் கட்டிக்கொடுத்தவர் அவள் கணவர் சித்தீக். துபாய் வேலையை விட்டுவிட்டு வந்து ஒரு வாரம் ஆகிறது. இப்போது எதிர்மூலையில் பேப்பர் படிக்கிறார். பிளாஸ்டிக் பையின் சரசரப்பு ஒன்று வாசல்வரை வந்து, நின்று, திரும்பிப் போகிறது. "யாரு அது? உள்ள வராமலே போறாங்க?" என்கிறார். "தைக்கக் குடுக்க வர்றவங்கதான். இதோட மூணு பேர் போயாச்சு. வாசல்ல உங்க செருப்பு கெடக்குல்ல? ஆம்பளை இருக்காங்கன்னு திரும்பிடுறாங்க," என்கிறாள் ஜஸீலா, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டு. சித்தீக் பேப்பரை மடிக்கிறார். நிதானமாகத்தான் மடிக்கிறார். பிறகு வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல், கூடத்தைக் கடந்து கொல்லைப்பக்கம் போகிறார். கொல்லைக் கதவடியில் செருப்பு தொப்பென்று விழுகிறது. ஜஸீலா ஊசிக்கடியில் துணி எதுவும் வைக்காமலே மிஷினை வேகமாக மிதிக்கிறாள், தெருவுக்குக் கேட்கட்டும் என்று.