துரையிடம் சொல்ல மூன்று சொல்

ஆனி கழிந்து ஆடி பிறந்திருந்தது. மேற்கே குடகு மலைகளில் மழை இறங்கியதற்குச் சான்றாகக் காவிரி செந்நிறம் கொண்டு, ஓசையின்றிக் கனத்து, மேட்டூரின் புதிய அணை மார்பில் வந்து சாய்ந்துகொண்டிருந்தது. காற்று மட்டும் ஓயவில்லை. நடை சாத்திய பின்னும் கோயில் கதவைத் தள்ளிக்கொண்டு நிற்கும் அடியாரைப் போல, அது பனைகளில் மோதி மோதி முறையிட்டது.

"வாத்தியாரே, மனசு கனத்துக் கெடக்குதே, அதுக்கு இங்கிலீசுல என்னன்னு சொல்லுவாங்க?"

முன்னால் நடந்த கண்ணுசாமி வாத்தியார் நின்று திரும்பினார். நாச்சிமுத்துவின் முகத்தில் விளையாட்டு இல்லை.

"சாரோ. எதுக்குங்ணா கேக்கறீங்க? நான்தான் கூட வாரேனே! துரைகிட்டச் சொல்ல வேண்டியது அத்தனையும் நெட்டுருப் பண்ணி வெச்சிருக்கறேன்."

நாச்சிமுத்துவின் ஆற்றோரக் காடு அணைக்காகச் சர்க்கார் கைக்குப் போய்விட்டது. அதற்கு முன்பே அவர் விதைத்த எள் இப்போது முற்றி நின்றது. அணை கட்டிய வெள்ளைக்காரத் துரையின் உத்தரவில்லாமல் அங்கே அரிவாள் வைக்கக் கூடாது. துரையோ நாளைக்குச் சென்னைப் பட்டணம் போகிறார். அவர் திரும்புவதற்குள் தண்ணீர் ஏறிவிடும். அந்த எள்ளை விற்றுத்தான் மேட்டுப் பூமியில் புதிதாக ஒரு கூரை போட வேண்டும் நாச்சிமுத்து. வாத்தியார் அலையாய் அலைந்து, இன்றைக்குத் துரையைப் பார்க்க அனுமதி வாங்கியிருந்தார்.

"மத்ததெல்லாம் நீங்க பேசுங்க வாத்தியாரே. இத மட்டும் நான் என் வாயாலதான் சொல்லோணும்."

"ஒத்தைச் சொல்லைச் சொல்லிப்போட்டு நின்னீங்கன்னா துரை சிரிக்கப் போறாருங்ணா!"

"சிரிச்சா சிரிக்கட்டும். சா...ரோ. பல்லிடுக்குல சிக்குன எள்ளாட்டம் இருக்குது. சரி, அருமையா வளத்துனதுக்கு என்னங்க பேரு?"

காட்டை நினைத்துத்தான் கேட்கிறார் என்று வாத்தியாருக்கு விளங்கியது. பாட்டன் காலத்து மண் அல்லவா!

"டியர்."

"நெஞ்சு ஆறுறதுக்கு?"

"பீஸ். கோவத்துக்கும் ஒண்ணு இருக்குது, ஆங்கர். பூமியப் புடுங்கிக்கிட்டவங்கதானே, ஒருக்காச் சொல்லித்தான் பாருங்களேன்!"

"அது வேண்டாமுங்க."

சிறிது தூரம் நடந்த நாச்சிமுத்து, ஏதோ பெரிய கோபுரத்தை முதன்முதலாய்க் கண்டவர்போல நின்றுவிட்டார்.

"ஏனுங்க வாத்தியாரே, கடலுக்கு அந்தாண்ட இருக்கற சனம். நம்ம சாமி தெரியாது, நம்ம சோறு தெரியாது. ஆனா நம்ம நெஞ்சுக்குள்ள இருக்கறதுக்கெல்லாம் அங்கியும் பேர் இருக்குதுங்களே!"

வாத்தியாருக்கு மெய் சிலிர்த்தது. ஆண்டுதோறும் பிள்ளைகளைக் கொண்டு உரக்கப் படிக்க வைத்த சொற்கள்தாம் அவை. ஒரு நாளும் அவருக்கு இப்படித் தோன்றியதில்லை.

பங்களா வாசலில் காவல் நின்ற டவாலி கையை விரித்தான். "துரை இன்னிக்கு ஆரையும் பாக்கறதில்லீங்க. போயிட்டு வாங்க."

நாச்சிமுத்து அவன் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். டவாலியின் முகம் மாறியது. கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான்.

துரை தாழ்வாரத்தில் தனியே நின்றிருந்தார். சவரம் காணாத முகம். வாத்தியார் தொண்டையைச் செருமி, மனப்பாடத்தைத் தொடங்குவதற்குள் நாச்சிமுத்து தலை உருமாலையை அவிழ்த்துத் தோளில் போட்டார். இரண்டு கைகளையும் சேர்த்து முன்னே நீட்டினார்.

"டியர்... சாரோ..." என்றார். "பீஸ்."

துரை அந்தக் கைகளையே பார்த்தார். கரை உடைவதற்கு முன் மண் அசைவதுபோல அவர் உதடு அசைந்தது. மறுகணம் அக்கைகளை இறுகப் பற்றி, அவற்றின்மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார்.

வாத்தியார் அதிசயித்துப்போனார். காவிரியைத் தடுத்து நிறுத்தியவர்! மூன்று சொல்லுக்கா இவ்வளவு சக்தி?

"இப்பக் கேளுங்ணா," என்று காதுக்குள் படபடத்தார். "இப்பக் கேட்டா எதையுங் குடுத்துருவாரு!"

நாச்சிமுத்து கேட்கவில்லை. துரையின் பிடி தளரும்வரை நின்றிருந்துவிட்டு, விடைகூடப் பெறாமல் படியிறங்கி நடந்தார்.

வாத்தியாருக்கு ஆத்திரம் பொங்கியது. பின்னாலேயே ஓடினார். "என்னங்ணா இது! போயிட்டு வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லல. எள்ளைப் பத்தி மூச்சே விடல. கேக்கறதுக்கு வாய் இல்லீங்களா உங்களுக்கு? காடும் போயி, எள்ளும் போயி, தெருவுல நிக்கப் போறீங்களா?"

நாச்சிமுத்து வாசலுக்குப் போகாமல் தோட்டத்து வேப்பமரத்தின் பக்கம் திரும்பினார். அங்கே கிடந்த அரளிப் பூக்களைப் பொறுக்கி, மரத்தடியில் மண்டியிட்டு, புதிதாய்க் குவித்திருந்த மண்மேல் ஒவ்வொன்றாக வைத்தார். கண்மூடிக் கைகூப்பினார். மண்மேடு முழ நீளந்தான் இருந்தது.

"இந்தக் கொழந்தைக்கு எங்கூட்டுக்காரிதான் தெனமும் பால் கொண்டாந்து குடுத்தா. முந்தாநேத்து, இனிப் பால் வேண்டாமின்னுட்டாங்க," என்றார். "எழவு கேக்க வந்த எடத்துல, எனக்கு இன்னது குடுங்கன்னு கேக்கலாமுங்களா, வாத்தியாரே?"

பிறகு அந்த மண்ணை உள்ளங்கையால் மெல்லத் தடவினார்.

"உங்கப்பனும் ஆத்தாளும் நல்லா இருக்கோணும். நீ தூங்கு, சாமி."