குளிர்கால நடையில் ஒரு கை

போர்ட் பிளேரில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. ஆனாலும் அப்துல் குத்தூஸ் பாயின் டிராவல்ஸ் பலகையில், 'டிசம்பர் குளிர்கால நடை! பழைய நகரத்தைக் காலாற நடந்து பாருங்கள்!' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதை நம்பி மெயின்லேண்டிலிருந்து ஸ்வெட்டரோடு வந்து இறங்குகிறவர்களை, வியர்க்க விறுவிறுக்க நடத்திக் கூட்டிப் போவது கைடு ஜாஹிரின் வேலை.

அன்று பதினொரு பேர். மதியம் சென்னை விமானம். ஹோட்டலைக் காலி செய்து, பெட்டிகளை வேனிலேயே விட்டுவிட்டு, கைப்பைகளோடு நடக்க வந்திருந்தார்கள்.

ஜாஹிருக்குத்தான் உள்ளுக்குள் உதைப்பு. போன வாரம் இதே நடையில் இரண்டு பர்ஸ்கள் காணாமல் போயிருந்தன.

"இன்னொரு கம்ப்ளெய்ண்ட் வந்துச்சு, நீ உங்க வாப்பா துணிக்கடைக்கே போயிடு. அவ்ளோதான்!" என்று பாய் சொல்லியிருந்தார். நாளெல்லாம் சேலை மடிப்பதற்குப் பயந்துதான் ஜாஹிர் கைடு வேலைக்கே வந்தான்.

அபர்டீன் பஜார் மணிக்கூண்டைக் காட்டி அவன் ஆரம்பித்ததும் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஜாஹிர் அதை ஆயிரம் தடவை பார்த்தாயிற்று. அவன் பார்வை கூட்டத்தின் மேல்தான் இருந்தது. அதனால்தான் அந்தக் கை கண்ணில் பட்டது.

ஈரோட்டு சந்திரசேகரின் கை. ஓய்வு பெற்ற வாத்தியார், நெற்றி நிறைய விபூதி. முன்னால் நின்ற உமா மகேஸ்வரியின் தோள்பைக்குள் அந்தக் கை மணிக்கட்டு வரை இறங்கியிருந்தது. பக்கத்தில் அவர் மனைவி செல்லம், சேலைத் தலைப்பால் விசிறிக்கொள்கிற சாக்கில் மறைத்து நின்றார்.

"இதைக் கட்டினது வந்து... வந்து..." ஜாஹிருக்கு வருடமே மறந்துபோனது.

"எந்த வருசமுங்க தம்பி?" கையை வெளியே எடுத்தபடி அக்கறையாகக் கேட்டார் சந்திரசேகர்.

அடுத்து ஒரு பழைய மரக் கட்டடத்தின் முன்னால் அதே கை வேறொருவரின் முதுகுப்பையில் தெரிந்தது. ஜாஹிர் கனைத்தான். கை மறைந்தது. கத்தினால் நடை கெட்டுவிடும். பேசாமல் இருந்தால் வேலை போய்விடும். அதன் பிறகு அவன் என்ன சரித்திரம் சொன்னானோ, அவனுக்கே தெரியாது.

கடலோரம் வந்ததும் துணிந்துவிட்டான்.

"எல்லாரும் ஒரு தடவ பர்ஸ், போன், செயின் பத்திரமா இருக்கான்னு பாத்துக்குங்க."

ஆளுக்கு ஆள் பர்ஸையும் போனையும் தொட்டுப் பார்த்தார்கள். "இருக்கு." "எனக்கும் இருக்கு." ஒருவருக்கும் ஒன்றும் போகவில்லை.

"எதுக்குத் தம்பி கேக்குறீங்க?" என்றாள் உமா மகேஸ்வரி.

"சார் உங்க பைக்குள்ள கை விட்டாரு அக்கா. நானே பாத்தேன்."

செல்லத்துக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ஏனுங்க, கேட்டீங்களா! முப்பத்தெட்டு வருசம் புள்ளைங்களுக்கு ஒழுக்கம் சொல்லிக் குடுத்த மனுசனைப் போயி..."

"அய்யோ, என் பை ஜிப் திறந்தே கிடந்திருக்கும். சார்தான் மூடி விட்டிருப்பார்!" என்றாள் உமா மகேஸ்வரி.

"அதையெல்லாம் பெருசா சொல்லோணுமாக்கும்" என்று தலையைக் குனிந்துகொண்டார் சந்திரசேகர்.

பத்துப் பேரும் ஜாஹிரைப் பிடி பிடியென்று பிடித்துக்கொண்டார்கள். அவன் கூனிக் குறுகி, வாத்தியாரின் இரண்டு கைகளையும் பிடித்து மன்னிப்புக் கேட்டான்.

"உடுங்க தம்பி. காலம் அப்புடிக் கெடக்குது" என்று அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தார் அவர். எல்லோரும் கைதட்டினார்கள். அவரை நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

மதியம் இரண்டு மணிக்கு பாய் போனில் அலறினார்.

"அரே ஜாஹிர், என்னடா பண்ணி வச்சிருக்கே! உன் குரூப்ல ஒன்பது பேரை ஏர்போர்ட்ல நிறுத்தி வச்சிருக்காங்க. எல்லார் கைப்பையிலயும் சங்கு, பவளம்! பீச்சுல பொறுக்கினதைப் பெர்மிட் இல்லாம கொண்டு போகக் கூடாதுன்னு நீ சொல்லலியா?"

"காலைல வேன்லயே சொன்னேன் பாய். ஸ்கேன்ல மாட்டும்னும் சொன்னேன்."

"ஒருத்தர் விடாம, இது எங்களுது இல்லன்னு அழறாங்க!"

ஜாஹிர் மனசுக்குள் எண்ணிப் பார்த்தான். "மொத்தம் பதினொரு பேராச்சே பாய்?"

"அந்த ஈரோட்டு வாத்தியாரும் சம்சாரமும் மட்டும்தான் சுத்தம். அவங்க பிளேன்ல ஏறி உக்காந்தாச்சு."

பாய் போனை வைத்ததும் ஜாஹிரின் செல்லில் டிராவல்ஸ் பக்கத்துக்கு வந்த புது விமர்சனம் ஒன்று மின்னியது. ஐந்து நட்சத்திரம். எழுதியவர் சந்திரசேகர்.

'அருமையான நடை. பதினொரு பேரும் ஒரே குடும்பமாகப் பழகினோம். எங்களிடம் இருந்ததையெல்லாம் மற்றவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டு, மன நிம்மதியோடு ஊர் திரும்புகிறோம்.'