வலப்பக்கம்

மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு தில்லைநாயகத்துக்குத் தன் கல்யாணமே நினைவில் இல்லை. புதிதாக எதுவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மனதில் தங்குவதும் இல்லை. உளவியலாளர் நூர்ஜஹான் தினமும் அவரிடம் ஒரு தாளைத் தந்து, அதைக் கண்ணாடியில் மட்டும் பார்த்தபடி அதிலுள்ள நட்சத்திரக் கோட்டின்மேல் பென்சிலை ஓட்டச் சொன்னார். முதல் நாள் பென்சில் முப்பது முறை விலகியது. பதினோராம் நாள் இரண்டே முறை.

"முன்ன செஞ்சதே இல்லீங்க. எப்படி இவ்வளவு லேசா வருது?" என்று அவரே வியந்தார்.

நூர்ஜஹான் அந்தத் தாள்களை அவர் மனைவி கோமளாவிடம் காட்டினார். "ஞாபகத்துல பல வகை இருக்கும்மா. அவருக்குத் தெரியாமலே கை கத்துக்குது."

"கை கத்துக்கிட்டு என்ன மேடம்? தினமும் என்னை யாருன்னுதான் கேக்குறாரு."

இருவரும் வெளியே வந்தபோது சாலையில் லாரிகளின் இரைச்சல். கோமளாவின் இடப்பக்கம் நடந்துகொண்டிருந்த தில்லைநாயகம் நின்றார். அவளைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து, குனிந்து மெல்லக் கேட்டார்: "தப்பா நெனைக்காதீங்க, நீங்க யாரு?"

சிறுவயது முதலே கோமளாவுக்கு இடது காது கேட்காது. அதை அவள் அவரிடம் சொன்னது கல்யாணமான முதல் வாரத்தில்.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்தப் பக்கமே வாங்க, சொல்றேன்."