பாக்கியத்தாய்க்குப் பச்சை விழுந்தது

சபையில் எல்லார் நெஞ்சிலும் ஒரு குட்டி விளக்கைக் குத்திவிட்டார்கள். கரண்டும் டீசலும் அதிகம் எரித்தவனுக்கு அது சிவக்கும். சிவந்தவனுக்கு ராப்போஜன அப்பமும் திராட்சை ரசமும் கிடையாது. ஆண்டவர் படைத்த பூமியைக் காக்கிறார்களாம். கடலையும் காற்றையும் படைத்தவருக்கு இந்தக் காவல்காரப் பயல்கள் இல்லாமல் தூக்கம் வரவில்லையாக்கும் என்பார் வேதமாணிக்கம்.

அவர் பெண்சாதி பாக்கியத்தாய்க்கு மூச்சு மிஷின் ராவும் பகலும் ஓடியது. அவள் விளக்கு சிவப்பிலேயே நின்றது. கண்ணை மூடுமுன் ஒருதரம் அப்பமும் ரசமும் வேண்டுமென்று கிடையிலிருந்து ஏங்கினாள்.

"மிஷினை ஒரு நாள் நிறுத்துங்க அண்ணாச்சி, பச்சையாயிரும்" என்றார் பாஸ்டர் ஜெபஸ்டின்.

"மிஷின் நின்னா அவ நிக்க மாட்டாளே, வே!"

"விசுவாசம் வேணும் அண்ணாச்சி."

செவ்வாய்க்கிழமை அவள் மூச்சு அடங்கியது. வேதமாணிக்கம் மிஷினை அணைத்தார். மறுநாள் காலை, சவப்பெட்டி வருமுன்னே பாஸ்டர் அப்பமும் கிண்ணமுமாக ஓடி வந்தார். அவருக்குச் செல்போன் சொல்லிவிட்டதாம்.

"ஸ்தோத்திரம் அண்ணாச்சி! அம்மாவுக்குப் பச்சை விழுந்திட்டு!"

வேதமாணிக்கம் கதவை அகலத் திறந்துவிட்டார்.

"வாரும். வாயைத் திறக்கச் சொல்லி நீரே குடும்."